வாதி ரமில் ஒரு பகல்: போக நினைக்கும் நம்மவர்களுக்கு ஒரு மதிப்பீடு

ஜோர்தானின் தெற்கே உள்ள வாதி ரம் என்ற செம்பாறைப் பாலைவனத்தை ஒரே பகலில் பார்த்துத் திரும்ப முடியுமா என்று, திருத்தலப் பயணக் குழுக்களில் பெயர் கொடுத்திருக்கும் மட்டக்களப்பு நண்பர்களும், அந்த நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து உறவினர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். முடியும் என்பதே என் பதில். ஆனால், அந்தப் பகலைப் பயண முகவர்கள் விற்கும் முறையிலேயே செலவிட்டால் மிஞ்சுவது வாகனக் குலுக்கலும் ஒரே மாதிரியான புகைப்படங்களும்தான். வெயிலின் போக்கைப் பார்த்து நேரத்தை அமைத்து, நான்கைந்து இடங்களோடு நிறுத்திக்கொண்டால், கொடுத்த காசுக்கு இதைவிட நிறைவான ஒரு நாள் அந்த நாட்டில் வேறெங்கும் கிடைக்காது. பாறையில் குடைந்த பழைய நகரான பெட்ராவையும் மனத்தில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் இருப்பார்கள்.

குடும்பிமலையைக் காட்டுக்குள்ளிருந்து தலை நீட்டி நிற்கும் தனிப் பாறையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வாதி ரம் முதலில் பிடிபடுவதில்லை. அங்கே மலைகள் நிலத்திலிருந்து செங்குத்தாக எழுகின்றன. அடிவாரத்தில் சரிவோ காடோ கிடையாது. மணல் முடியும் கோட்டிலேயே சுவர் தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 74,000 ஹெக்டேயர் பரப்புள்ள இந்தப் பாதுகாக்கப்பட்ட பிரதேசத்தை யுனெஸ்கோ 2011ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இயற்கை, பண்பாடு ஆகிய இரண்டு வகையிலும் தகுதி பெற்ற கலப்பு மரபுரிமைத் தலம் இது. அடியில் கிடப்பது மிகப் பழைய கருங்கல். அதன்மேல் அடுக்கடுக்காகப் படிந்திருப்பது மணற்கல். அந்த மணற்கல்லில் கலந்திருக்கும் இரும்பு ஒட்சைட்டுத்தான் செந்நிறத்தைத் தருகிறது. சில மலைகளின் அடியில் சாம்பல் நிறக் கருங்கல்லும் மேலே சிவந்த மணற்கல்லும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கோட்டை விரலால் சுட்டிக் காட்டலாம். புவியியல் படிக்கும் பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்தக் கோட்டின் அருகே வாகனத்தை நிறுத்தச் சொல்லுங்கள். எந்தப் பயணத் திட்டத்திலும் இது இடம்பெறுவதில்லை.

நேரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. உச்சி வெயிலில் அந்தப் பாறைகள் வெளிறிப்போய், மண்ணிறத்துக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட ஒரு சோர்ந்த நிறத்தில் நிற்கும். காலை ஒன்பது மணிக்கு வந்து, பன்னிரண்டுக்கெல்லாம் சுற்றி முடித்து, ஒரு மணிக்குப் பெட்ராவுக்குப் புறப்படும் குழுக்கள், படங்களில் பார்த்த சிவப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டே பஸ்ஸில் ஏறுவதைக் காணலாம். அந்த நாட்டின் துறைமுக நகரான அக்கபாவில் வேலை செய்யும் என் மைத்துனர், நான் காலையிலேயே போவோம் என்றபோது, "வெயில் சரியத் தொடங்கினாப் பிறகுதான் மலை நிறம் மாறும் மச்சான், அதுக்கு முதல் போய் என்னத்தைப் பார்க்கிறது?" என்று கேட்டார். அவர் சொன்னது முழுக்கச் சரி. சூரியன் மறைவதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன்பு தொடங்கும் மாற்றம் முதலில் மலையுச்சிகளில் தெரிகிறது. பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கி மணலுக்கு வருகிறது. காலையில் மஞ்சளாகத் தெரிந்த அதே சுவர் செங்கல் நிறத்துக்கும், பின்னர் ஏறக்குறைய ஊதா நிறத்துக்கும் போய்விடுகிறது. ஆகவே நான்கு மணித்தியால வாகனச் சுற்று ஒன்றைத் தெரிந்தெடுத்து, அது சூரியன் மறையும் நேரத்தில் முடியும்படி பின்னாலிருந்து கணக்கிட்டுப் புறப்படுங்கள். சித்திரை மாதத்தில் சூரியன் மாலை ஏழு மணியளவில் மறைகிறது. ஆகவே பின்னேரம் மூன்று மணிக்கு ஏறினால் போதும். டிசம்பரில் ஐந்தே முக்காலுக்கு முன்பே மறைந்துவிடுவதால் ஒன்றரைக்கே ஏறிவிட வேண்டும்.

எங்கிருந்து புறப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இது சாத்தியமாகும். அக்கபாவிலிருந்து அறுபது கிலோமீற்றர் அளவுதான். ஒரு மணித்தியாலத்தில் போய்விடலாம். பெட்ரா அமைந்திருக்கும் வாதி மூஸா நகரிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சேரலாம். தலைநகர் அம்மானிலிருந்து போவதென்றால் ஒரு வழிக்கே நான்கு மணித்தியாலங்கள் பிடிக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை கிடைக்கும் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு முக்கியமானது. கோடையில் ஏழரைக்குப் பிறகு மறையும் சூரியனைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டால் அம்மானுக்கு நள்ளிரவில்தான் வந்து சேரலாம். மறுநாள் காலையில் வேலைக்கும் நிற்க வேண்டும். அவர்களுக்குக் கார்த்திகையும் மாசியுமே பொருத்தம்: பொழுது சீக்கிரம் சாய்கிறது, பகலில் வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கிறது, இரவு பத்து மணிக்கெல்லாம் விடுதிக்குத் திரும்பிவிடலாம். பலர் சேர்ந்து ஒரு வானை வாடகைக்குப் பிடிப்பதே நல்லது. வெள்ளிக்கிழமைகளில் பொதுப் போக்குவரத்துக் குறைவு. பாலைவன நெடுஞ்சாலையில் இரவில் பாரவூர்திகள் ஓடிக்கொண்டே இருப்பதால், காலையில் ஓட்டிவந்த சாரதி பகலில் இரண்டு மணித்தியாலமாவது கண்ணயர்ந்தாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் பாதையில், ரம் கிராமத்துக்குச் சில கிலோமீற்றர் முன்பாகப் பார்வையாளர் நிலையம் இருக்கிறது. எல்லோரும் இங்கே நின்று நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்; வெளிநாட்டவருக்குத் தலைக்கு 5 டினார். ஒரு ஜோர்தான் டினார் ஏறத்தாழ 1.41 அமெரிக்க டொலருக்குச் சமம். இந்த நாணயம் டொலரோடு பிணைக்கப்பட்டிருப்பதால் கணக்கு மாறுவதில்லை. பெட்ராவையும் வேறு தலங்களையும் பார்ப்பவர்கள் முன்கூட்டியே இணையத்தில் வாங்கும் ஜோர்தான் பாஸில் இந்தக் கட்டணமும் அடங்கும். வாதி ரமுக்கு மட்டும் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. நிலையத்தைப் பற்றிக் குறையாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கழிவறைகள் துப்புரவாக இருந்தன. முற்றத்தில் நின்றாலே எதிரே ஏழு தூண்கள் என்று அழைக்கப்படும் பெரிய மலை முழுதாகத் தெரிகிறது. வாகனப் பாதைகள், அவற்றுக்கான நேரம், ஒரு வாகனத்துக்கான கட்டணம் ஆகியவை பலகையில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பலகையை ஆறுதலாக வாசியுங்கள். கட்டணம் ஆளுக்கு அல்ல, வாகனத்துக்கு என்பதால், ஆறு பேர் சேர்ந்து ஏறும்போது ஒருவருக்கு விழும் பங்கு மிகவும் குறைந்துவிடும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலைநகரில் ஒரு பயண முகவர் எங்கள் குழுவுக்குக் காட்டிய தாளில், ஒரே நாளில் பார்க்கவேண்டிய இடங்கள் என்று பக்கம் நிறையப் பெயர்கள் இருந்தன. கட்டணமோ ஆளுக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போடப்பட்டிருந்தது. அந்தப் பெயர்களில் பாதி, வாகனம் மெதுவாக ஓடும்போது சாரதி கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போகும் பாறைகள். காளான் பாறை என்பார்கள், கோழிப் பாறை என்பார்கள். பெயர் வைத்துவிட்டால் அதுவும் ஓர் இடமாகிவிடும். பட்டியலின் நீளத்தைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். எந்தெந்த இடத்தில் இறங்க விடுவீர்கள், எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவரோடு போனால் போதும்.

வாகனத்தை ஜீப் என்று அழைக்கிறார்களே தவிர, பெரும்பாலும் அது பின்பெட்டியில் இருபுறமும் நீள இருக்கைகள் பொருத்தி, மேலே துணிக்கூரை போட்ட பழைய ரொயோட்டா பிக்கப் ரகமே. ஓட்டுபவர்கள் அந்தக் கிராமத்துப் பெதுயின்கள், அதாவது பாலைவன அரபுக் குடியினர். பாலைவனத்துக்குள் சாலை என்று ஒன்று இல்லாததால், மணலின் இறுக்கத்தைப் பார்த்தே வழியைத் தெரிந்துகொள்கிறார்கள். எங்களைக் கொண்டுபோன இளைஞர் ஓரிடத்தில் இறங்கி, சக்கரங்களின் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டு மறுபடி ஏறினார். மென்மணலில் சக்கரம் புதையாமல் பரந்து ஓடுவதற்கு அப்படிச் செய்வார்கள். ஆங்கிலம் போதிய அளவு பேசுகிறார்கள். வளைகுடாவில் வேலை செய்து அரபு பழகியவர் குழுவில் ஒருவர் இருந்தால் நாளின் நிறமே மாறிவிடும். கதைகள் தானாக வரும். பின்பெட்டியில் ஏறுவதற்குச் சிறிய இரும்புப் படிதான் இருக்கிறது. அதுவும் முழங்காலளவு உயரத்தில் தொடங்குகிறது. சேலையோடு வந்த எங்கள் குழுப் பெண்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பட்ட சிரமத்தைப் பார்த்ததால் சொல்கிறேன், பெண்கள் சல்வார் அணிந்து வருவது நல்லது. முதுகுவலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் முன் ஆசனத்தை ஒதுக்குங்கள். அது ஒருவருக்கு, நெருக்கினால் இருவருக்கே போதும் என்பதால் புறப்படும் முன்பே இதைப் பேசித் தீர்த்துக்கொள்வது குடும்ப அமைதிக்கு உகந்தது.

இடங்களில் முதலாவதாக நான் வைப்பது கஸாலி என்ற இடுக்கு. ஒரு பெரிய மலையை மேலிருந்து கீழாகப் பிளந்தது போன்ற ஒடுக்கமான வெடிப்பு அது. உள்ளே எப்போதும் நிழல். ஆகவே வெளியே வெயில் கொதிக்கும் சுற்றின் முதல் பகுதிக்கு இதுதான் பொருத்தம். இருபுறச் சுவர்களிலும் மனிதர்கள், ஒட்டகங்கள், மலையாடுகள், பாதச்சுவடுகள் எனச் செதுக்கல்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றுக்கிடையே பண்டைய அரேபியாவின் தமூதிய, நபதேய எழுத்துகளும் பிற்கால அரபு எழுத்துகளும் உண்டு. வாதி ரம் முழுவதிலும் இருபத்தையாயிரம் அளவிலான பாறைச் செதுக்கல்களும் இருபதாயிரம் எழுத்துப் பொறிப்புகளும் இருப்பதாகவும், மனிதர் இங்கே பன்னிரண்டாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வந்ததற்குத் தடயம் உண்டென்றும் யுனெஸ்கோவின் பதிவு சொல்கிறது. ஆனால் எண்ணிக்கையைவிட நெருங்கிப் பார்ப்பதுதான் மனத்தில் தங்குகிறது. ஒரு பாதச்சுவட்டின் ஐந்து விரல்களையும் தனித்தனியாகக் கொத்தியவர், பெருவிரலை மட்டும் சற்றே விலக்கி வைத்திருந்தார்; செருப்புப் போடாமல் மணலில் நடப்பவரின் கால் அப்படித்தான் இருக்கும். வழிகாட்டிகள் சொல்லும் விளக்கங்கள் பல அவரவர் கற்பனை, கேட்டுச் சிரித்துக்கொள்ளலாம். சுவரைத் தொடாதீர்கள். கைவியர்வையும் உராய்வும் மணற்கல்லைத் தேய்த்துவிடும். ஏற்கெனவே பலர் தொட்டுத் தொட்டு வழுவழுப்பாகிவிட்ட இடங்கள் உண்டு. உள்ளே தரை வழுக்கும், சில மாதங்களில் குட்டைகளில் நீரும் நிற்கும். மழை அறிவிப்பு இருந்தால் இங்கே நுழையவே கூடாது. தொலைவில் பெய்த மழையும் திடீர் வெள்ளமாக இப்படிப்பட்ட இடுக்குகள் வழியாகத்தான் பாயும்.

செம்மணல் மேடு பிள்ளைகளுக்கானது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார்கள், உருண்டு இறங்குவார்கள். மேலே ஏறுவது நம் கடற்கரை மணல் மேடுகளைவிட மூச்சு வாங்க வைக்கும். வைக்கும் ஒவ்வோர் அடியிலும் பாதி பின்னால் வழுக்குகிறது. நடுப்பகலில் மணல் காலைச் சுட்டுவிடும் என்பதால் இதையும் நான்கு மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

உம் ஃபுரூத் என்ற இயற்கைப் பாறைப் பாலத்தின் மேல் ஏறி நின்று படம் எடுப்பது எல்லோருடைய ஆசையும். பின்பக்கமாக ஏற வழியுண்டு. ஆனால் கைப்பிடி எதுவும் கிடையாது, இறங்குவதுதான் கடினம். உயரத்தைக் கண்டால் தலைசுற்றுபவர்கள் கீழே நின்று பார்ப்பதே உத்தமம், கீழிருந்துதான் பாலத்தின் வளைவும் முழுதாகத் தெரியும். இதைவிடப் பெரிய புர்தா வளைவுக்கு ஏற வழிகாட்டியும் அரை நாளும் வேண்டும். நாட்டின் மிக உயர்ந்த சிகரமான, 1,854 மீற்றர் உயரமுள்ள உம் அத் தாமி சவூதி எல்லையருகே இருக்கிறது. இவை இரண்டையும் ஒருநாள் பயணத்தில் சேர்த்துத் தருவதாக யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

லோரன்ஸ் ஊற்று எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அரபுக் கிளர்ச்சியாளரோடு இவ்வழியே வந்த ஆங்கிலேய அதிகாரி லோரன்ஸின் பெயரால் விற்கப்படும் இந்த இடத்தில், மேலே பாறையில் ஒரு பச்சைத் திட்டும் கீழே ஒட்டகங்களுக்கான தொட்டியும் கடைக் கூடாரமும்தான் உண்டு. வாகன நெரிசல் வேறு. அந்த அரை மணித்தியாலத்தை அன்ஃபாஷியா என்ற இடத்தின் பாறைச் செதுக்கல்களுக்குக் கொடுங்கள். ஒட்டகக் கூட்டம் ஒன்று சுவரில் வரிசையாகப் போகிறது, அதைப் பார்க்க வருபவர்களும் குறைவு. நாங்கள் அங்கே நின்றபோது ஒரு பாறை விளிம்பில் வெளிர்நீல ஓணான் ஒன்று தலையை உயர்த்தி உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருந்தது. சினாய் அகாமா என்ற இந்த இனத்தின் ஆண்கள் இனப்பெருக்கக் காலத்தில் நீல நிறம் பெறுகின்றன. சிவந்த கல்லின்மேல் அந்த நீலம் தனியாகத் தெரிந்தது.

சாப்பாட்டில் குறையில்லை. முகாம்களில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஸர்ப் கிடைக்கும். இறைச்சி, கோழி, உருளைக்கிழங்கு, கரட் முதலியவற்றைத் தட்டுகளில் அடுக்கி, மணலுக்குள் புதைத்த கனலடுப்பில் இறக்கி மூடி, நீண்ட நேரம் வேகவைத்து எடுப்பார்கள். மண்ணைத் தள்ளி மூடியைத் தூக்கும்போது எழும் மணம் ஒன்றுக்காகவே அருகில் நிற்கலாம். இறைச்சி எலும்பிலிருந்து தானாகவே கழன்றது. உறைப்பு மட்டும் கிடையவே கிடையாது. எங்கள் குழுவில் ஒருவர் பையிலிருந்து இடிசம்பலை எடுத்தபோது, அதுவரை சுவையைப் புகழ்ந்துகொண்டிருந்த அனைவரும் கையை நீட்டினார்கள். காத்தான்குடி, ஏறாவூர் நண்பர்களுக்கு ஹலால் பற்றிய கவலை அங்கே இல்லை. சைவ உணவுக்காரர்கள் கனலடுப்பில் தங்கள் மரக்கறித் தட்டை இறைச்சித் தட்டுக்குக் கீழே வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கொழுப்பு மேலிருந்து சொட்டும். ஸர்ப் பொதுவாக இரவு உணவாகவே தரப்படுவதால், ஒருநாள் பயணிகள் பகல் உணவாகக் கேட்டால் முந்தைய நாளே அறிவிக்க வேண்டியிருக்கும். தேநீர் எங்கும் உபசாரமாக வரும். சீனி அதிகம், மரமியா என்ற இலையின் வாசனையோடு. ஏலம் போட்ட கோப்பி சிறிய கோப்பையில் கொஞ்சமாக வரும். ரமழான் மாதத்தில் போகிறவர்கள், நோன்பு இல்லாதவர்களாக இருந்தாலும், கிராமத்தில் வெளிப்படையாக உண்பதையும் குடிப்பதையும் தவிர்ப்பது மரியாதை.

வெப்பத்தைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு தவறான துணிச்சல் உண்டு. ஆடி, ஆவணியில் கச்சான் காற்றைத் தாங்குகிறவர்களுக்குப் பாலைவன வெயில் என்ன பெரிது என்று நினைப்பார்கள். ஊரில் வியர்வை உடலில் ஒட்டி நிற்பதால் எவ்வளவு நீர் போகிறது என்பது தெரிகிறது. அங்கே காற்று அவ்வளவு வறண்டது, வியர்வை வந்த கணத்திலேயே ஆவியாகிவிடும், சட்டையும் நனையாது. அதனால் தாகம் தெரிவதற்கு முன்பே தலைவலி வந்துவிடுகிறது. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். கோடை என்றால் நான்கு. இடையிடையே உப்புச் சேர்ந்த எதையாவது சாப்பிடுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் அவற்றைப் பெரிய பையில் வைத்துப் பஸ்ஸில் விட்டுவிடாமல் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பெரிய வைத்தியசாலை அக்கபாவில்தான் இருக்கிறது. உடம்பை மறைக்கும் மெல்லிய பருத்தி முழுக்கைச் சட்டையும் தலைக்கும் முகத்துக்கும் சுற்ற ஒரு சால்வையும் வேண்டும். பார்வையாளர் நிலையத்தை விட்டால் கழிவறை முகாம்களில் மட்டுமே கிடைக்கும் என்பதால், எந்த முகாமில் நிறுத்துவார் என்பதைப் பெண்கள் சாரதியிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் பாடசாலை விடுமுறைகளில் ஓகஸ்ட் இதற்கு உதவாது. டிசம்பர் பரவாயில்லை, ஆனால் சூரியன் மறைந்ததும் குளிர் எலும்பைப் பிடிக்கும். நம்மூர்க் குளிர்ச்சட்டை அதற்குப் போதாது. சித்திரை விடுமுறையே எல்லாவகையிலும் சிறந்தது. சில நாட்களில் கம்சீன் என்ற புழுதிக்காற்று வீசக்கூடும், அன்று மலைகள் மங்கிவிடும்.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. முகாம்கள் அளவுக்குமேல் பெருகிவிட்டன. கண்ணாடிக் குமிழ் போன்ற வெள்ளைக் கூடாரங்கள் மலையடிவாரங்களில் வரிசையாக நிற்கின்றன. சில திசைகளில் அவற்றை விலக்கிவிட்டு ஒரு படம் எடுப்பதே கஷ்டம். சக்கரத் தடங்கள் மணல் முழுவதையும் கிழித்துப்போட்டிருக்கின்றன. பாலைவனத்தில் செடி முளைக்கும் மேல்மண் ஒருமுறை குலைந்தால் இலகுவில் திரும்பாது. ஏற்கெனவே உள்ள தடத்திலேயே ஓட்டும்படி சாரதியிடம் கேட்டால் பெரும்பாலானோர் ஒத்துக்கொள்வார்கள். பந்தயம் ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்பவர்கள் நாம்தான்.

சூரியன் மறைவதைப் பார்க்க எல்லா வாகனங்களும் கூடும் பாறையைத் தவிர்த்து வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட இடங்கள் சாரதிகளுக்கு நிறையத் தெரியும். மேற்கைப் பார்த்து உட்காருவதைவிட மேற்குக்கு முதுகு காட்டி உட்காருங்கள், ஏனென்றால் நிறம் மாறுவது எதிரே உள்ள கிழக்கு மலைகளில்தான். கடைசியாகக் காசு விடயம்: கிராமத்தில் எல்லோரும் வங்கி அட்டை வாங்குவதில்லை. தேவையான டினாரை அக்கபாவிலோ அம்மானிலோ மாற்றிக்கொண்டு, சில்லறையாகவும் கொஞ்சம் வைத்திருங்கள். சாரதிக்குக் கொடுக்கும் அன்பளிப்பு கட்டாயமில்லை. நல்ல இடங்களில் பொறுமையாக நின்றவருக்கு நாங்கள் கொடுத்தோம், அவர் வாங்குவதற்கு முன் மறுத்தும் பார்த்தார்.